கவரில் எவ்வளவு வைப்பது? தசமபாகக் கேள்வியைப் பயமில்லாமல் தீர்த்துக்கொள்ள ஒரு வழி

ஒன்பது வருஷம் எங்கள் சபையில் காணிக்கை எண்ணும் குழுவில் இருந்தேன். ஆராதனை முடிந்ததும் பின்னறை மேசையில் பையைக் கவிழ்ப்போம். இரண்டு பேர் எண்ணுவார்கள், நான் பதிவேட்டில் எழுதுவேன். தசமபாகக் கவரின்மேல், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைப் போட்டுத் தரும் கவரின்மேல், பெயர் இருக்கும், மாதம் இருக்கும். யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பது லேசான காரியம் இல்லை. ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்த கவர்கள் பெரும்பாலும் வருமானம் குறைந்தவர்களுடையவை. பத்தில் ஒன்றைக் கடைசி நாணயம் வரை கணக்குப் பார்த்து உள்ளே போட்டிருப்பார்கள். கவரைத் திறந்தால் சில்லறை மேசையில் உருளும்.

அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு வருஷம் எங்கள் மகனுக்கு உடம்பு மோசமாகிவிட்டது. நாலு மாதம் எங்களால் தசமபாகம் கொடுக்க முடியவில்லை. எங்கள் பெயருக்கு நேராக நானே கோடு போட்டேன். சபையில் பொறுப்பில் இருந்த ஒருவர் வீட்டுக்கு வந்து பிள்ளைக்காக ஜெபித்தார். போகும்போது, "கர்த்தருடைய பங்கை நிறுத்திவிட்டீர்கள், பட்சிக்கிறவனுக்கு வாசலைத் திறந்துவிட்டீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். பட்சிக்கிறவன் என்றால் அழித்துப்போடுகிறவன், மல்கியா புஸ்தகத்திலிருந்து எடுத்துச் சொல்லும் வார்த்தை. அந்த வாரமே என் கணவர் கடன் வாங்கி நாலு மாதத்தையும் சேர்த்துக் கட்டினார். அதையும் நான்தான் பதிவேட்டில் எழுதினேன். மகன் பிறகு தேறிவிட்டான். அந்த வார்த்தை எங்கள் வீட்டை விட்டுப் போக மட்டும் வருஷக்கணக்கில் ஆனது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். இப்போது இதே கேள்வியோடு வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுகிறேன். தசமபாகம் கட்டாயமா, நாம் மோசேயின் சட்டத்தின் கீழ் இல்லாமல் கிருபையின் கீழ் இருக்கிறோமே, அப்படியானால் கொடுக்க வேண்டாமா, பாதி கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அவர்களோடு நான் செய்வதை அப்படியே கீழே எழுதுகிறேன். ஆறு ஏழு வாரம் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம்.

முதல் ஒரு மாதம் எதையும் மாற்றாதீர்கள்

கொடுத்துவந்தால் கொடுத்துக்கொண்டிருங்கள். கொடுக்காமல் இருந்தால் அப்படியே இருங்கள். ஒரு பிரசங்கத்தைக் கேட்ட கோபத்தில் நிறுத்தினவர்களையும், இன்னொரு பிரசங்கத்தைக் கேட்ட பயத்தில் தொடங்கினவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டும் மூன்று மாதம் தாங்காது.

ஒரே ஒரு விதிவிலக்கு. மருந்தையோ வாடகையையோ தள்ளிவைத்துத்தான் கவரை நிரப்புகிறீர்கள் என்றால் காத்திருக்க வேண்டாம். முதலில் மருந்தை வாங்குங்கள். தாய் தகப்பனுக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் கொடுத்தாயிற்று, என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு கண்டித்ததை மாற்கு 7-இல் வாசியுங்கள். தன் வீட்டாரை விசாரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. காணிக்கையை முன்னிட்டு வீட்டைப் பட்டினி போடச் சொல்லும் வசனம் ஒன்றுகூட எனக்குத் தென்படவில்லை.

இந்த மாதத்தில் செய்ய வேண்டியது ஒரு நோட்டில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுவது. கொடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று நினைக்கிறேன்? கொடுத்தால் என்ன திரும்பி வரும் என்று எதிர்பார்க்கிறேன்? யாரிடமும் காட்ட வேண்டாம். முதல் கேள்விக்கு நான் எழுதின பதில், "பிள்ளைக்கு மறுபடியும் ஏதாவது ஆகும்." என் கையெழுத்தில் அதைப் பார்த்தபோது உடம்பே நடுங்கியது. பத்து வருஷம் நான் கொடுத்தது காணிக்கை என்று நினைத்திருந்தேன், அது பிணைப்பணமாக இருந்திருக்கிறது.

இரண்டாவது கேள்வியைப் பலர் வேகமாகத் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள். நூறு மடங்கு திரும்பும் என்று நம்பிக் கொடுப்பது பயத்தில் கொடுப்பதைவிட இனிமையாகத் தெரியும், ஆனால் அதிலும் நீங்கள் தேவனோடு பேரம்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வேலை போனாலோ வியாபாரம் விழுந்தாலோ அந்த நம்பிக்கை முதலில் உங்களைத்தான் குற்றம் சாட்டும்.

அடுத்து வேதத்தை வாசியுங்கள், அதிகாரம் அதிகாரமாக

ஒற்றை வசனங்களை விட்டுவிடுங்கள். இரண்டு தரப்பும் ஒற்றை வசனங்களை வைத்துத்தான் சண்டை போடுகிறது. ஒரு வாரத்துக்கு இரண்டு முறை, அரை மணி நேரம் போதும்.

ஆதியாகமம் 14-இல் தொடங்குங்கள். சாலேமின் ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்கு ஆபிரகாம் தசமபாகம் கொடுத்தது மோசேயின் நியாயப்பிரமாணத்துக்கு, அதாவது மோசே மூலம் வந்த சட்டத்துக்கு, வெகுகாலம் முன்பு. அதனால் இது நியாயப்பிரமாணத்தைச் சேர்ந்தது இல்லை, எக்காலத்துக்கும் உரியது என்பார்கள். சரி, ஆனால் அதிகாரத்தை முடிவுவரை வாசியுங்கள். அவர் கொடுத்தது யுத்தத்தில் மீட்ட பொருளில். மீதி இருந்ததில் ஒரு நூலையோ செருப்பின் வாரையோகூட எடுத்துக்கொள்ளமாட்டேன் என்று சோதோமின் ராஜாவிடம் சொல்லிவிட்டார். வாலிபர்கள் சாப்பிட்டதும், கூட வந்தவர்களின் பங்கும் மட்டும் போனது. தன் ஆடுமாடுகளிலிருந்து மாதாமாதம் கொடுத்ததாக அங்கே எழுதியில்லை. நியாயப்பிரமாணத்துக்கு முன்பே இருந்தது என்பது மட்டும் போதுமானால் விருத்தசேதனமும் மிருகபலியும்கூட முன்பே இருந்தவைதான். ஆதியாகமம் 28-இல் யாக்கோபு சொல்வது ஒரு பொருத்தனை, நேர்ந்துகொள்வது, அதுவும் "தேவன் என்னோடிருந்து காப்பாற்றினால்" என்று தொடங்குகிறது.

லேவியராகமம் 27, எண்ணாகமம் 18 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். அங்கே தசமபாகம் என்பது தானியம், மரங்களின் கனி, கோலின்கீழ் கடந்துபோகும் ஒவ்வொரு பத்தாவது ஆடுமாடு. பெற்றுக்கொள்கிறவர்கள் ஆலய வேலைக்கென்று பிரிக்கப்பட்ட லேவி கோத்திரத்தார், ஏனென்றால் அவர்களுக்கு நிலத்தில் சுதந்தரம், அதாவது பரம்பரைப் பங்கு, கிடையாது. லேவியரும் தாங்கள் வாங்கினதில் பத்தில் ஒன்றை ஆசாரியனாகிய ஆரோனுக்குக் கொடுக்க வேண்டும். தசமபாகம் வாங்குகிறவரும் தசமபாகம் கொடுக்க வேண்டும் என்பது அங்கேயே இருக்கிறது.

அப்புறம் உபாகமம் 14. இந்த ஒரு அதிகாரத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். இருபத்திரண்டாம் வசனம் முதல் கடைசிவரை நான் முதன்முறை கவனித்து வாசித்த நாளை மறக்க முடியாது. இத்தனை வருஷம் சபையில் இருந்தும் யாரும் எனக்கு இதை வாசித்துக் காட்டவில்லை. தானியத்திலும் திராட்சரசத்திலும் எண்ணெயிலும் பத்தில் ஒன்றைக் கொண்டுபோய், தேவன் தெரிந்துகொண்ட இடத்தில், அவருக்கு முன்பாக, குடும்பத்தோடு சாப்பிடு என்கிறது. கொடுக்கிறவனே சாப்பிட வேண்டும்! வழி தூரமானால் அதைப் பணமாக்கி எடுத்துக்கொண்டு போய், உன் மனம் விரும்புவதை வாங்கி, நீயும் உன் குடும்பமும் சந்தோஷப்படுங்கள் என்கிறது. லேவியனைக் கைவிடாதே என்று கூடவே சொல்கிறது. மூன்றாம் வருஷத் தசமபாகத்தை ஊர்வாசலில் வைத்து லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று முடிகிறது.

எண்ணாகமத்தின் தசமபாகமும் உபாகமத்தின் தசமபாகமும் ஒன்றா, வேறு வேறா என்று யூத ஆசிரியர்களே விரிவாக விவாதித்திருக்கிறார்கள். வேறு வேறு என்று வைத்தால் மொத்தம் பத்து சதவீதத்தைத் தாண்டிவிடும். எனக்கு அந்தக் கணக்கைவிட முக்கியமாகப் பட்டது வேறு. பயந்து நடுங்கிக் கட்டிய ஒன்றை, சாப்பாட்டுப் பந்தியாகவும் விதவையின் பசியாற்றுவதாகவும் தேவன் வைத்திருந்தார். அன்று எங்கள் வீட்டுக்கு வந்தவர் இந்தப் பக்கத்தைத் திறந்திருந்தால் எங்களிடம் அப்படிப் பேசியிருக்கமாட்டார்.

மல்கியாவை நாலு அதிகாரமும் முழுதாக வாசியுங்கள், கூடவே நெகேமியா 13. தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள், வஞ்சித்ததால் சபிக்கப்பட்டிருக்கிறீர்கள், கொண்டுவந்தால் பட்சித்துப்போடுகிறதைக் கண்டிப்பேன் என்று மல்கியா 3-இல் இருப்பதைக் காட்டித்தான் பயமுறுத்துவார்கள். பங்கு கொடுக்கப்படாததால் லேவியர் ஆலய வேலையை விட்டுத் தங்கள் வயலுக்கு ஓடிப்போனார்கள் என்று நெகேமியா சொல்கிறார். மல்கியா கேட்ட "பண்டசாலை" எது என்று அப்போது புரியும். அது ஆலயத்திலிருந்த உண்மையான களஞ்சியம், தானியம் வைக்கும் அறை. பட்சித்துப்போடுகிறது என்று அங்கே சொல்லியிருப்பது நிலத்தின் விளைச்சலை அழிப்பதைப் பற்றி. கிருபையைப் பேசுகிறவர்கள் சிலர் மல்கியா ஆசாரியர்களை மட்டும்தான் திட்டினார் என்பார்கள். முதல் இரண்டு அதிகாரங்களில் ஆசாரியர்களைத்தான் கடுமையாகப் பேசுகிறார், உண்மை. ஆனால் 3:9-இல் "ஜனத்தாராகிய நீங்கள் எல்லாரும்" என்று இருக்கிறது. நமக்குப் பிடித்த முடிவுக்காக வசனத்தை வளைக்க வேண்டாம். அந்தச் சாபம் விசுவாசியின்மேல் வருமா என்பதற்குப் பதில் கலாத்தியர் 3:13-இல் இருக்கிறது. கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நியாயப்பிரமாணத்தின் சாபத்திலிருந்து நம்மை மீட்டார். சிலுவையை நம்புகிற ஒருவரிடம் தசமபாகம் தராததால் நீ சபிக்கப்பட்டவன் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது.

மாற்கு 12-இல் ஏழை விதவை இரண்டு காசு போட்டதை எல்லாரும் வாசிப்பார்கள். முப்பத்தெட்டாம் வசனத்திலிருந்து வாசியுங்கள். விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்கு நீண்ட ஜெபம் பண்ணுகிற வேதபாரகரை, அதாவது நியாயப்பிரமாணத்தைப் போதிக்கிறவர்களை, குறித்து இயேசு எச்சரித்த உடனேதான் அந்த விதவை வருகிறாள். "பட்சிக்கிறவன்" என்ற வார்த்தையைக் கேட்டு வருஷக்கணக்கில் பயந்த எனக்கு, அதே வார்த்தை இங்கே யார்மேல் விழுகிறது என்று பார்த்தபோது கண்ணீர் வந்துவிட்டது.

அப்போஸ்தலர் 15, எபிரெயர் 7 இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். கடைசியாக 1 கொரிந்தியர் 16-இன் முதல் வசனங்களும், 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களும். இவற்றை மூன்று முறை வாசியுங்கள். பணம் கொடுப்பதைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் இவ்வளவு நீளமாக வேறெங்கும் இல்லை. இதில் தசமபாகம் என்ற சொல் ஒருமுறைகூட வருவதில்லை. கிருபைக்கான கிரேக்கச் சொல்லான "காரிஸ்" பத்து முறை வருகிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அது ஓரிடத்தில் கிருபை, ஓரிடத்தில் தர்மகாரியம், ஓரிடத்தில் ஸ்தோத்திரம் என்று வேறு வேறு முகத்தோடு நிற்பதால் நமக்குத் தெரிவதில்லை. இந்தக் கடிதத்தை எழுதின பவுலின் பார்வையில் கொடுப்பதும் கிருபைதான். மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்திலும் வாரிக் கொடுத்ததை, தேவன் அவர்களுக்கு அளித்த கிருபை என்றே தொடங்குகிறார். கிருபை வந்துவிட்டது, இனி கொடுக்க வேண்டாம் என்று சொல்கிறவர் இந்த இரண்டு அதிகாரங்களை இன்னும் வாசிக்கவில்லை.

எதிர்த்தரப்பு சொல்வதையும் கேளுங்கள்

உங்களுக்கு எந்தப் பக்கம் சாய்வு என்று இப்போது தெரிந்திருக்கும். மற்றப் பக்கத்தில் நீங்கள் மதிக்கிற ஒருவரைத் தேடிப்போய், நீங்கள் நம்புவதற்குக் காரணம் என்ன என்று கேளுங்கள். வாதாடாமல் கேளுங்கள்.

தசமபாகத்தை வலியுறுத்துகிறவர்கள் எல்லாரும் பேராசைக்காரர்கள் இல்லை. அவர்களிடம் மூன்று நல்ல வாதங்கள் உண்டு. பரிசேயர் ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தினதை, "அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்றுதான் இயேசு மத்தேயு 23:23-இல் சொன்னார். ஆலயம் நின்றுகொண்டிருந்த காலத்தில், நியாயப்பிரமாணத்தின் கீழிருந்தவர்களிடம் பேசினார் என்பது என் பதில், இருந்தாலும் அந்த வசனத்தைத் தாண்டிப் போய்விட முடியாது. சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்கள் சுவிசேஷத்தினால் பிழைக்க வேண்டும் என்று 1 கொரிந்தியர் 9:14 சொல்கிறது, அதுவும் பலிபீடத்துக்குப் பணிவிடை செய்கிறவர்களை உதாரணம் காட்டி. மூன்றாவதுதான் எனக்கு உறைத்தது. நியாயப்பிரமாணத்தின் கீழிருந்தவன் பத்து கொடுத்தான், சிலுவையைக் கண்ட நீ அதற்கும் குறைவாகவா கொடுப்பாய் என்று கேட்பார்கள். கட்டளையாகச் சொன்னால் ஏற்கமாட்டேன். கேள்வியாகக் கேட்டால் தலைகுனிந்து யோசிப்பேன்.

மறுபக்கத்திலும் பலம் உண்டு. யூதரல்லாத புறஜாதி விசுவாசிகளுக்கு எருசலேமிலிருந்து எழுதின, அப்போஸ்தலர் 15-இல் உள்ள கடிதத்தில் தசமபாகம் இல்லை. எபிரெயர் 7 தசமபாகத்தைப் பேசினாலும், அதன் நோக்கம் மெல்கிசேதேக்கு லேவியைவிடப் பெரியவர் என்று காட்டுவது. அதே அதிகாரம்தான் ஆசாரியத்துவம் மாறினால் நியாயப்பிரமாணமும் மாற வேண்டும் என்கிறது.

சபை வரலாறும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 585-இல் இன்றைய பிரான்சிலுள்ள மாக்கோனில் கூடிய ஆயர்களின் ஆலோசனைச் சங்கம் தசமபாகம் தராதவர்களைச் சபையிலிருந்து விலக்கும் அளவுக்குப் போனது. 779-இல் பிராங்கியரின் ராஜா சார்லமேன் அதை அரசுக் கட்டளையாக்கினார். அப்புறம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு அது வரி மாதிரியே வாழ்ந்தது. பிரான்சில் 1789 புரட்சி அதை ஒழித்தது, இங்கிலாந்தில் அதன் மிச்சத்தை 1936-ஆம் வருஷச் சட்டம் முடித்துவைத்தது. 1525-இல் ஜெர்மன் விவசாயிகள் எழுதின பன்னிரண்டு கோரிக்கைகளில் இரண்டாவது எனக்குப் பிடித்தது. தானியத்தில் தசமபாகம் தருகிறோம், அதிலிருந்து நாங்கள் தெரிந்துகொள்ளும் போதகருக்குப் போதுமானதைக் கொடுத்து, மீதியை ஏழைகளுக்குக் கொடுங்கள், கால்நடைத் தசமபாகம் மட்டும் தரமாட்டோம் என்றார்கள். அதே வருஷம் சபைச் சீர்திருத்தக்காரர் மார்ட்டின் லூத்தர் ஒரு பிரசங்கத்தில், மோசேயின் தசமபாகம் நல்ல மாதிரி, ஆனால் மோசேயின் சட்டம் என்பதால் நம்மைக் கட்டாது என்று விளக்கினார். ஏறக்குறைய நான் வந்துசேர்ந்த இடமும் அதுதான்.

இனி தாளை எடுங்கள்

"அவனவன் தன் மனதில் நியமித்தபடியே" என்று 2 கொரிந்தியர் 9:7 சொல்கிறது. அந்த "நியமித்தபடி" என்ற சொல்லைப் பலர் கவனிப்பதில்லை. ஆராதனையில் பை பக்கத்தில் வரும்போது சட்டைப்பையைத் தடவிக் கையில் சிக்குவதைப் போடுவதற்கு நியமித்தல் என்று பெயர் இல்லை. உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

கணவன் மனைவி இருவரும் ஆளுக்கொரு தாளில், ஒருவரையொருவர் பார்க்காமல் எழுதுங்கள். வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் தவணை எத்தனை, வீட்டுச் செலவு எத்தனை, பெற்றோருக்கும் உறவுக்கும் போவது எத்தனை என்று போடுங்கள். அப்புறம் கொடுக்க விரும்புகிற எண்ணை எழுதுங்கள். மீதி இருந்தால் பார்க்கலாம் என்று கடைசியில் விடாதீர்கள், மீதி என்று ஒன்று எந்த வீட்டிலும் இருப்பதில்லை. வாரத்தின் முதல் நாளிலேயே, தன் வரவுக்குத் தக்கதாக எடுத்துவைக்கச் சொன்ன பவுலின் யோசனை நடைமுறைக்கு மிகவும் பொருந்துகிறது.

இரண்டு தாளையும் பக்கத்தில் வையுங்கள். எங்கள் வீட்டில் முதன்முறை நான் 10 என்றும் அவர் 3 என்றும் எழுதியிருந்தோம். எனக்குக் கோபம் வந்தது. அவர், "இன்னும் அந்தக் கடன் முடியவில்லையே" என்றார். தசமபாகம் கட்ட வாங்கின அதே கடன். அன்று 3 என்று முடிவு செய்தோம். கடன் முடிந்த வருஷம் 8 ஆக்கினோம். இப்போது பத்தைத் தாண்டி நிற்கிறது, எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. ஒருவர் எண்ணை மற்றவர்மேல் திணிக்காதீர்கள். துணைவர் விசுவாசியாக இல்லாவிட்டால் இன்னும் கவனம் வேண்டும். பொதுப் பணத்திலிருந்து அவருக்குத் தெரியாமல் எடுத்துக் கொடுத்தால், நீங்கள் சொல்லும் எந்தச் சாட்சியும் அவர் காதில் ஏறாது.

வருமானத்தில் 40 கடனுக்குப் போகிற வீட்டில் 2 கொடுத்தாலும் மனதாரக் கொடுங்கள். இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று அதே கடிதம் சொல்கிறது. 60-இல் வசதியாக வாழ்ந்து முடிகிற வீட்டில் 10 கொடுத்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று நினைத்தால், தசமபாகம் அவர்களுக்கு ஒளிந்துகொள்ளும் இடமாகிவிட்டது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜான் வெஸ்லி இளவயதில் 30 பவுண்டு வருமானத்தில் 28-இல் வாழ்ந்து 2 கொடுத்தார் என்பார்கள். வருமானம் 60, 90, 120 என்று ஏறியபோதும் 28-இலேயே வாழ்ந்து மீதியைக் கொடுத்தாராம். சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளாமல் வாழ்க்கைச் செலவைப் பிடித்துக்கொண்டார். வசதி உள்ளவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

மொத்தச் சம்பளத்திலா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா என்று கேட்பவர்கள் உண்டு. ஏதாவது ஒன்றில் கணக்கிடுங்கள், அதற்குமேல் அந்தக் கேள்விக்கு நேரம் கொடுக்காதீர்கள்.

எங்கே கொடுப்பது

நீங்கள் எழுதின எண்ணை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, உங்களுக்கு வசனம் கற்றுத்தருகிற சபைக்கு. கலாத்தியர் 6:6 நேரடியாகச் சொல்வது இதைத்தான். இரண்டு, உபாகமத்தின் மூன்றாம் வருஷப் பட்டியலில் உள்ளவர்களுக்கு, அதாவது விதவைக்கும் பெற்றோர் இல்லாத பிள்ளைக்கும் அந்நிய இடத்திலிருந்து வந்து தவிப்பவர்களுக்கும். உங்களுக்குத் தெரிந்த ஒரு வீடாவது இருக்கட்டும். மூன்று, தூரத்துத் தேவைக்கு. 1 கொரிந்தியர் 16-இல் சேர்த்த பணம் எருசலேமின் ஏழை விசுவாசிகளுக்குப் போனது. மூன்றும் சமமாக இருக்க வேண்டியதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் சபைக்குப் பிறகு வந்த ஒரு போதகர் மூன்று வாரம் கிருபையைப் பற்றியே பேசினார். தசமபாகம் கட்டளை இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த மாதம் காணிக்கை பாதியாகக் குறைந்தது. எட்டு மாதம் கழித்தும் பழைய அளவுக்கு ஏறவில்லை. அவருக்குச் சம்பளம் கொடுக்க நாங்கள் தவணை சொன்ன மாதங்கள் உண்டு, கணக்கு என் கையில்தான் இருந்தது. உண்மையைச் சொன்னதற்கு விலை கொடுத்தது அவர் குடும்பம். "நான் கிருபையில் இருக்கிறேன்" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுக் கவரை நிறுத்தின எங்களில் ஒருவர்கூட அவர் வீட்டு அடுப்பைப் பற்றி யோசிக்கவில்லை. தசமபாகத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தால், அடுத்த கேள்வியாக உங்கள் போதகர் எப்படிப் பிழைக்கிறார் என்று விசாரியுங்கள்.

கணக்கையும் கேளுங்கள். கேட்பது அவிசுவாசம் இல்லை. பவுலே தர்மப்பணத்தைத் தனியாகக் கொண்டுபோகாமல், சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க வேண்டும் என்று காரணமும் எழுதினார். வரவு எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, ஏழைகளுக்குப் போனது எவ்வளவு என்ற மூன்று எண்களையும் வருஷத்துக்கு ஒருமுறை சொல்ல மறுக்கிற இடத்தில் உங்கள் பெரிய பங்கை வைக்காதீர்கள்.

போதகரிடம் பேசும்போது

ஆராதனை முடிந்த வாசலில் வேண்டாம். நேரம் கேட்டுப் போங்கள், தனியாக. வசனங்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அது வழக்காடப் போவது மாதிரி இருக்கும். "ஐயா, தசமபாகத்தைக் கட்டளையாக என்னால் பார்க்க முடியவில்லை. நாங்கள் உட்கார்ந்து ஜெபித்து ஒரு பங்கை முடிவு செய்திருக்கிறோம், அதை மாதாமாதம் கொடுப்போம். உங்களிடம் மறைக்க மனமில்லாததால் சொல்ல வந்தேன்" என்று சொன்னால் போதும். எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை.

நல்ல போதகர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் உங்களுக்காக ஜெபிப்பார். சாபம், நோய், வேலை இழப்பு என்று பேச்சு போனால் எழுந்து வந்துவிடுங்கள். திருவிருந்து, பிள்ளையின் கல்யாணம், அடக்க ஆராதனை இவற்றைத் தசமபாகப் பதிவேட்டோடு முடிச்சுப் போடுகிற இடமாக இருந்தால் வேறு சபையைத் தேடுவது பாவம் இல்லை.

எண்ணுகிறவர்களுக்கு

என்னைப் போலக் காணிக்கை எண்ணுகிற வேலை உங்களுக்கு இருந்தால், மூன்று மாற்றங்களைக் கேட்டுப் பாருங்கள். கவரில் பெயர் வேண்டாம், கணக்குக்குத் தேவையானால் எண் போதும், எந்த எண் யாருடையது என்று தெரிந்தவர் ஒருவர்தான் இருக்க வேண்டும், அவர் போதகராக இருக்கக் கூடாது. கொடுத்தவர்கள் பட்டியலைச் சுவரில் ஒட்டவோ மேடையில் வாசிக்கவோ வேண்டாம். அப்புறம், கவரைத் திருப்பிக் கொடுக்க ஒரு வழி இருக்கட்டும். கடைசி இரண்டு வருஷம் எங்களிடம் அது இருந்தது. மருந்து வாங்க முடியாமல் இருந்த ஒரு வயதான அம்மாவின் கவரைப் பிரிக்காமலே அவர் கையில் திருப்பி வைத்து, கூட இன்னொரு கவரும் வைத்தோம். முதலில் வாங்க மறுத்தார். "கர்த்தருக்குக் கொடுத்ததை எப்படித் திருப்பி வாங்குவது?" என்று கேட்டார். உபாகமம் 14-இன் கடைசி வசனத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை வாசிக்கச் சொன்னார், அப்புறம் வாங்கிக்கொண்டார்.

அன்று நோயில் கிடந்த எங்கள் மகன் இப்போது சம்பாதிக்கிறான். முதல் சம்பளம் வந்த அன்று, எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டான். தாளையும் பேனாவையும் கொடுத்துவிட்டு, 2 கொரிந்தியர் 8, 9 வாசித்துவிட்டு எழுது என்றேன். ராத்திரி வெகுநேரம் விளக்கு எரிந்தது. காலையில் தாளை மடித்துப் பைபிளுக்குள் வைத்திருந்தான். என்ன எண் என்று நான் கேட்கவில்லை.